பீப்புக்கு முன்னால் பத்து விநாடி

உலகத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அவனைத் தெரியும். குருவிக்கூட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரித் தலைமுடி, முகத்தில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்ட கண்கள், மூக்கென்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு புள்ளி. ஜப்பானில் யாரோ ஒருவர் மேசைமேல் குனிந்து கறுப்பு மையில் வரைந்த பையன் அவன். வாரப் பத்திரிகையில் படக்கதையாகக் கிளம்பியவன், பிறகு திரையில் ஓட ஆரம்பித்து, இன்றைக்குப் பள்ளிக்கூடப் பை, குடை, தண்ணீர் பாட்டில், பேருந்தின் முதுகு என்று கண் போகிற இடமெல்லாம் நிற்கிறான். நாற்பது மொழிகளில் பேசுகிறான். அந்த நாற்பதில் ஒரு மொழியில் அவனுக்காக வாயைத் திறக்கிறவளுக்கு வயது ஐம்பத்தேழு. முட்டிவலிக்காரி. மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருக்கிறாள். அவளை எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. இது என்ன நியாயம் என்று கேட்கத்தான் தோன்றும். கேட்டு என்ன ஆகப்போகிறது, டப்பிங் தொழிலே அப்படித்தான்.

ஸ்டூடியோவில் அவளுக்குப் பெயர் குருவிக்கா. பையனின் தலைமுடியிலிருந்து வந்த பெயர். வாசல் காவலாளியிலிருந்து முதலாளி வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருக்கும்.

சொந்தக் குரல் அவளுக்குக் கரகரப்பு. போனில் பேசினால் எதிர்முனையில் "சொல்லுங்க சார்" என்பார்கள். முதலில் திருத்திக்கொண்டிருந்தாள், பிறகு அலுத்துப்போய் சார் என்றால் சார் என்று விட்டுவிட்டாள். பையனின் குரல் வேறு எங்கிருந்தோ வரும். தாடையைத் தூக்கி, கன்னத்துக்குள் ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூக்குக்குப் பின்னாலிருந்து எடுப்பாள். எடுத்துவிட்டால் கீழே வைக்கக் கூடாது. நடுவில் சொந்தக் குரலில் ஒரு இருமல் இருமினால்கூடப் போச்சு, மறுபடி பிடிக்க அரைமணி ஆகும். ஆகையால் மைக் முன் நின்றுவிட்டால் தண்ணீர் கேட்பதும் பையனின் குரலில்தான், மின்விசிறியைக் குறைக்கச் சொல்வதும் அதே குரலில்தான். நல்ல டப்பிங்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

தங்கை குடும்பத்தோடு வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். தங்கை பெண்கள் இரண்டு பேரும் அந்தத் தொடர் என்றால் உயிரை விடுவார்கள். ஒருநாள் மூத்தவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பெரியம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. நாங்க ஒரிஜினல்தான் பாப்போம், கீழ வர எழுத்தைப் படிச்சுக்கிட்டு. டப்பிங் பாக்கறோம்னு தெரிஞ்சா கிளாஸ்ல கிண்டல் பண்ணுவாங்க."

"தாராளமா பாருங்கடி. எனக்கென்ன வந்தது" என்றாள் குருவிக்கா. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எதற்கென்று தெரியாமல் சமையலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வேலை என்னவோ அவளுக்குப் பிடித்த வேலை. அந்தப் படங்களின் சூட்சுமம் அவளுக்கு அத்துப்படி. வாய்க்கு மூன்றே படம்தான்: மூடியது, பாதி திறந்தது, முழுதாகத் திறந்தது. என்ன வசனம் பேசினாலும் இந்த மூன்றையே மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள் ஜப்பான்காரர்கள். மிச்சப்படுத்திய உழைப்பை எல்லாம் கொண்டுபோய்க் கண்ணில் கொட்டியிருப்பார்கள். கருவிழிக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளி. அது நடுங்கினால் அழப்போகிறான், காணாமல் போனால் ஆள் உள்ளே செத்துவிட்டான் என்று அர்த்தம். சங்கடமென்றால் நெற்றியோரம் ஒரே ஒரு வியர்வைத் துளி, தலையைவிடப் பெரிதாக. சண்டை உச்சத்துக்குப் போகும்போது எல்லாம் அப்படியே நின்றுவிடும். முடி மட்டும் காற்றில் ஆட, பையன் இரண்டு நிமிஷம் மனதுக்குள் பேசுவான். அசையாத ஒரு படம், அதற்கு உயிர் கொடுக்க ஒரு குரல். அந்த இடம் வந்தால் குருவிக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பாள். வெளுத்து வாங்கிவிடுவாள்.

ஒரு காலத்தில் டப்பிங் என்றால் பெரிய கூடம். நடுவில் ஒரு மைக், சுற்றிலும் ஏழெட்டுப் பேர். ஒருத்தர் தப்புப் பண்ணினால் எல்லோரும் முதலிலிருந்து பேசவேண்டும். திட்டும் சிரிப்பும் முறுக்கிக்கொண்டு போவதும் ராசியாவதுமாக நாள் போவது தெரியாது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஆளாளுக்குத் தனியாகப் பேசினால் போதும், ஒட்டுவதை அது ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். கூடத்தைத் தடுத்துக் குளியலறை அளவுக்கு அறைகள் போட்டார்கள். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, ஒரு மைக், ஒரு திரை, காதுக்கு ஹெட்போன், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவாளர். அறைக்குள் ஓர் ஆள். தன் மூச்சே தன் காதில் இரைச்சலாகக் கேட்கும். குருவிக்கா ஒன்பது வருஷமாக இந்தப் பெட்டிக்குள் நின்றுதான் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

பையனுக்கு ஒரு சிநேகிதன் உண்டு. முன்முடி விழுந்து முகத்தில் பாதியை மறைத்திருக்கும், ஒரு கண்தான் தெரியும். ஸ்டூடியோவில் அவனுக்கு ஒத்தைக்கண்ணன் என்று பெயர். அவனுக்குப் பேசுகிறவர் செவ்வாய்க்கிழமை வருவார். குருவிக்காவின் முறை வியாழக்கிழமை. அவர் பேசி வைத்ததை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு இவள் பதில் பேசுவாள். அடுத்த செவ்வாய் அவர் தொடங்கும் முன் இவள் பேசியதைப் போட்டுக் காட்டுவார்கள், சுருதி விட்டுப்போகாமல் இருக்க. ஒன்பது வருஷத்தில் இருவரும் ஒருதரம்கூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பெயர் தெரியாது. நிஜக் குரல் எப்படி இருக்குமென்றும் தெரியாது.

ஒவ்வொரு துண்டு வசனத்துக்கும் முன்னால் மூன்று பீப் ஒலிக்கும். நாலாவது விழ வேண்டிய இடத்தில் வாயைத் திறக்கவேண்டும். ஆனால் பதிவு, முதல் பீப்புக்குப் பத்து விநாடி முன்பே ஓட ஆரம்பித்துவிடும். அந்தப் பத்து விநாடியைக் கடைசியில் வெட்டி எறிந்துவிடுவார்கள். அதில் தும்மலாம், செருமலாம், யாருக்கும் கணக்கில்லை. இரண்டாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை, ஹெட்போனில் அந்த இடைவெளியில் ஒரு தும்மல் கேட்டது. பிறகு ஒத்தைக்கண்ணனின் குரலிலேயே, "சாரிடா. ரெண்டு நாளா ஜலதோஷம்."

குருவிக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் முறை வந்தபோது, பீப்புக்கு முன்னால், பையனின் குரலில் சொன்னாள்: "வெந்நீர் குடிடா, கழுதை."

அடுத்த வாரம் பதில் வந்தது. "குடிச்சேன்டா. போதுமா?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. வாரத்துக்கு ஒரு பேச்சு, ஒரு பதில். அவருக்கு ஒரே மகள், படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறாள் என்று தெரிந்தது. அவருக்கு மனைவி இல்லை என்று தெரிந்தது. இவள் வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகுவது அவருக்குத் தெரிந்தது. கட்டிக் காக்க வேண்டிய ரகசியம் எதுவும் அதில் இல்லை. ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்தியை உரிமையோடு "டேய்" என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள். ஒலிப்பதிவாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். வெட்டுவதற்கு முன் வாரம் முழுவதும் அப்படியே வைத்திருப்பார், நல்ல மனுஷன்.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் அம்மா போனாள். இருந்த ஒரே துணை. ஆறாம் நாளே வேலைக்கு வந்து நின்றாள் குருவிக்கா. முதல் துண்டுக்கு முன்னால் பையனின் குரலில், "அம்மா போய்ட்டாங்கடா" என்றாள். பிறகு மூன்று பீப். பிறகு தீயில் எரிகிற கோட்டைக்குள் வாளோடு ஓடுகிற வசனம். அதையும் பேசினாள். அடுத்த வாரம் ஹெட்போனில் அவர் இடம் வந்தது. பத்து விநாடியில் ஏழெட்டு விநாடி வெறும் மூச்சு. கடைசியில், "சாப்ட்டியாடா?"

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். வீட்டில் வந்து போனவர்கள் எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள், ஒன்றும் உள்ளே போகவில்லை. இது போனது. அந்தப் பெட்டிக்குள் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். ஒலிப்பதிவாளர் விளக்கை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்த வருஷத் தொடக்கத்தில் கதை முடியப்போகிறது என்று செய்தி வந்தது. படக்கதை வரைகிறவர் கடைசி அத்தியாயத்தை வரைந்து முடித்துவிட்டாராம். ஊர் ஊருக்குப் பிள்ளைகள் துக்கம் கொண்டாடினார்கள். குருவிக்காவுக்கு வேறு துக்கம். இன்னும் ஆறு அத்தியாயம், அதாவது ஆறு வியாழக்கிழமை. அதற்குப் பிறகு ஒத்தைக்கண்ணனின் குரலைக் கேட்க வழியில்லை. ஒன்பது வருஷமாக போன் நம்பர் கேட்காமல் இருந்தது ஏன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஏனென்று அவளுக்குத் தெரியும். கேட்டால் பேச வேண்டும். பேசினால் சொந்தக் குரலில் பேச வேண்டும். அந்தக் கரகரப்பைக் கேட்டு அவர் "சொல்லுங்க சார்" என்றுவிட்டால் என்ன செய்வது?

ஆனாலும் வேறு வழியில்லை. பீப்புக்கு முன்னால் கேட்டேவிட்டாள். "டேய், எல்லாம் முடியப்போகுது. ஒரு தடவை நேர்ல பாக்கலாமா? அடுத்த வியாழன் அஞ்சு மணிக்கு, ஸ்டூடியோவுக்கு எதிர்த்த டீக்கடை."

ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை காலை ஹெட்போனை மாட்டினாள். ஒத்தைக்கண்ணன் தயங்கினான், நன்றாகவே தெரிந்தது. "சரிடா" என்றான். கொஞ்சம் விட்டு, "வரேன்."

புதுச் செருப்பு வாங்கியிருந்தாள். அது கடித்தது. நாலரைக்கே போய்ச் சுவரோர மேசையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபதை ஒட்டிய ஆண்கள் யார் உள்ளே நுழைந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சரியாக ஐந்து மணிக்கு முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருத்தர் தோள்பையோடு வந்து அவள் எதிரில் நின்றார்.

"அக்கா, நான்தான்" என்றார். அது ஒத்தைக்கண்ணனின் குரல் இல்லை, யாரோ ஒருவரின் குரல். "உக்காரலாமா?"

அவர் ஒரு மிமிக்ரிக் கலைஞர். கல்யாண வீட்டில், கம்பெனி விழாவில் பத்துப் பேர் மாதிரிப் பேசிக் காட்டுகிறவர். டீயைத் தொடாமல், தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். முன்னால் பேசிக்கொண்டிருந்தவருக்குத் தொண்டையில் கட்டி. அவசரமாக ஆபரேஷன் பண்ணிக் குரல் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். அது ஆகி இரண்டு வருஷம். குரல் மாறியது தெரிந்தால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், மூச்சு விடக் கூடாது என்று கம்பெனி சொல்லி இவரைப் பிடித்துப் போட்டது.

"ரசிகர்களுக்குத் தெரியவே தெரியாதா?" என்றாள் குருவிக்கா. வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"மொத நாளே கண்டுபிடிச்சுட்டாங்கக்கா. ரெண்டு குரலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வீடியோவே போட்டாங்க. என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க." அவர் சங்கடமாகச் சிரித்தார். "நீங்க அதெல்லாம் பாத்திருப்பீங்க, தெரிஞ்சேதான் பேசறீங்கன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா, 'என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கே, தொண்டை சரியில்லையா'ன்னு கேட்டீங்க. ரெக்கார்டிஸ்ட் அண்ணன், 'ஆமான்னு சொல்லிடுங்க, அக்கா மனசு உடைஞ்சுடும், மெதுவா சொல்லிக்கலாம்'னார். நானும் 'ஆமாடா'ன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எப்படிக்கா நிறுத்தறது?"

குருவிக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவள் அவள். வாயசைவுக்கும் வசனத்துக்கும் ஒரு கண்சிமிட்டல் விலகினாலும் பிடித்துவிடுவாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் நாளே பிடித்ததை இரண்டு வருஷமாகக் கோட்டை விட்டிருக்கிறாள். ஹெட்போனை மாட்டினால் அவள் காது ஒத்தைக்கண்ணனைத் தேடும், ஒத்தைக்கண்ணன் இருந்தான், தொண்டை சரியில்லை என்றான், திருப்தியாகிவிட்டது. அந்தக் குரலுக்குப் பின்னால் நிற்கிற மனுஷன் மாறியதை அது கேட்கவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது அவளை.

பிறகு விசாரிக்க ஆரம்பித்தாள், துணிமூட்டையைப் பிரித்து இது யாருடையது அது யாருடையது என்று எடுத்து வைக்கிறவள் மாதிரி.

"மாடிப்படியில கால் பிசகினப்போ, லீவு போடுடான்னது?"

"நான்தான்க்கா."

"பொறந்தநாளுக்கு பாடினது?"

"அதுவும் நான்."

"கண்ணாடி மாத்தினதுக்கு, கிழவின்னு சொன்னது?"

"மன்னிச்சுக்குங்க."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "எங்கம்மா போனப்போ, சாப்ட்டியாடான்னது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்கம்மா எப்ப போனாங்கக்கா? எனக்குத் தெரியாதே."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அது அந்தப் பழைய மனுஷருடையது. அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. இந்தப் பிள்ளைமேல் கோபப்பட முடியுமா என்று முயன்றுபார்த்தாள், வரவில்லை. இரண்டு வருஷம் வாராவாரம் தன்னை விசாரித்தவர் இவரும்தானே.

"அவர் இருக்காரா?" என்றாள்.

"இருக்கார்க்கா. மகளோட வேற ஊர்ல. வேலைக்குச் சேந்தப்போ ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்தேன்." அவர் போனை எடுத்து நம்பரைத் தேடி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த நம்பரை அழுத்தினாள். பெண் குரல் எடுத்தது.

"உங்கப்பாகூட ஸ்டூடியோல வேலை பாத்தேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தாள்.

"அப்பாவால பேச முடியாதுங்க" என்றாள் மகள், பலதரம் சொல்லிப் பழகிய நிதானத்தோடு. "காது நல்லாக் கேக்கும். ஸ்பீக்கர்ல போடறேன், சொல்லுங்க. அவர் சிலேட்ல எழுதுவார், நான் படிச்சுச் சொல்றேன்."

ஏதோ ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது கேட்டது. குருவிக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முன்னால் வசனத் தாள் இல்லை, பீப் இல்லை.

"வணக்கம். உடம்பு எப்படி இருக்கு?" என்றாள், தன் கரகரத்த குரலில்.

எழுதுகிற சத்தம். "யாருன்னு கேக்கறார்ங்க."

தன் பெயரைச் சொன்னாள். மறுபடி எழுதுகிற சத்தம்.

"தெரியலைங்கறார். தப்பா நினைச்சுக்காதீங்க, ஆபரேஷனுக்கு முன்னால நிறையப் பேரோட வேலை பாத்தார் இல்லையா." மகள் மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனாலும் போனை வைக்கலாமா என்கிற தொனி அதில் இருந்தது.

தெரியாதுதான். அந்தப் பெயர் அவருக்கு எப்படித் தெரியும், அந்தக் குரலை எங்கே கேட்டிருக்கிறார்? விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஸ்டூடியோவுக்கு வெளியே அவள் அதைச் செய்ததே இல்லை, தங்கை பெண்கள் கெஞ்சிக் கேட்ட காலத்தில்கூட. தாடையைத் தூக்கினாள்.

"டேய்" என்றாள் பையனின் குரலில். "நான்தான்டா."

எதிர்முனையில் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு காற்று உள்ளே போய்த் திணறுகிற மாதிரி ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. "அப்பா, என்னப்பா, என்னாச்சு" என்று மகள் பதறுவது கேட்டது. பிறகு சிலேட்டில் பலப்பம் கீச்சிட்டது, வேகமாக, அழுத்தமாக.

மகள் திரும்ப வந்தபோது குரல் மாறியிருந்தது. "நீங்க யாருன்னே எனக்குப் புரியலைங்க. அப்பா அழறார். எழுதியிருக்கார், அப்படியே படிக்கிறேன்." நிறுத்தி, படித்தாள்: "'ரெண்டு வருஷமா ஏன்டா ஒரு வார்த்தைகூடப் பேசல?'"

குருவிக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றாள். இரண்டு வருஷமாக ஒரு வாரம் தவறாமல் அவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள். அதை எங்கே ஆரம்பித்து எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.